பழைய உடைக்கு லேஸ் வைத்துத் தைப்பது

புது லேஸை அப்படியே உடையில் வைத்துத் தைத்துவிடாதீர்கள். பருத்தி லேஸ் முதல் சலவையில் சுருங்கும். பலமுறை துவைத்த பழைய துணியோ இனிமேல் பெரிதாகச் சுருங்காது. விளைவு, விளிம்பு முழுக்கச் சுருக்கம். எனவே லேஸை வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, முறுக்கிப் பிழியாமல் உலர்த்தி, இஸ்திரி போடுங்கள். நிற லேஸ் என்றால் ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் வெளிர் நிற உடைக்கு அது கூடவே கூடாது.

பாவாடையின் கீழ்விளிம்பைச் சுற்றி அளந்து, லேஸை 3 செ.மீ. கூட்டி வெட்டுங்கள், இரு முனைகளையும் இணைக்க அது வேண்டும். பக்கத் தையலில் தொடங்கினால் இணைப்பு கண்ணில் படாது. 5 செ.மீ.க்கு ஒரு குண்டூசி குத்துங்கள், லேஸை இழுக்கவே வேண்டாம். இழுத்துத் தைத்த லேஸ் தன் நீளத்துக்குத் திரும்பும்போது துணியையும் சேர்த்துச் சுருக்கிவிடும்.

தையல் இயந்திரத்தில் மெல்லிய பருத்திக்கு 11ஆம் எண் ஊசி, 2.5 மி.மீ. தையல் நீளம். பனியன் துணிக்கு உருண்டை முனை ஊசியும் ஜிக்ஜாக் தையலும் அவசியம்; நேர்த்தையல் போட்டால் துணி நீளும்போது நூல் அறுந்துவிடும்.

மடிப்பைப் பிரித்து நீளம் கூட்டிய உடையில் பழைய மடிப்பு வெளிறிய கோடாக நிற்கும். இழையே தேய்ந்திருப்பதால் துவைத்தாலும் போகாது. 1.5 செ.மீ. அகல லேஸை அந்தக் கோட்டின் மேலேயே வைத்துத் தையுங்கள்.