ஒரு மெஷினை வைத்து ஆறு டேட்டாபேஸ் தளங்களைச் சோதித்த விதம்

எங்கள் சர்வீஸ் ரிஜிஸ்டரில் 417-ஆம் நம்பர் மெஷின் ஒன்று இருக்கிறது. முதலில் ஒரு வாடிக்கையாளரிடம் இருந்தது. அவர் அதை இன்னொருவருக்கு விற்றார். இரண்டு வருடம் கழித்து அவரே திரும்ப வாங்கிக்கொண்டார். எக்ஸெல் ஷீட்டில் 'வாடிக்கையாளர்' என்று ஒரே ஒரு காலம் (column, நெடுவரிசை)தான். பெயரை மாற்றினால் பழைய சர்வீஸ் எல்லாம் புது ஆள் கணக்கில் போய் உட்காரும். மாற்றாமல் விட்டால் பில் தவறான ஆளுக்குப் போகும். ஒருமுறை போயும்விட்டது. அன்றுதான் மேனேஜர், "இந்த ஷீட்டைத் தூக்கிப் போட்டுட்டு உருப்படியா ஒரு டேட்டாபேஸ் பாருங்க" என்றார்.

நான் புரோகிராமர் இல்லை. ஸ்டாக்கும் சர்வீஸ் பதிவும் பார்க்கும் ஆள். பிரவுசரிலேயே டேபிள், ஃபார்ம், ரிப்போர்ட் எல்லாம் செய்துகொள்ளக்கூடிய தளங்களில் ஆறை எடுத்துக்கொண்டேன்: ஏர்டேபிள், ஸோஹோ கிரியேட்டர், காஸ்பியோ, பவர் ஆப்ஸ், ஆப்ஷீட், பேஸ்ரோ. முதல் வாரம் முழுக்க வீண். வசதிப் பட்டியல்களை அருகருகே வைத்து டிக் அடித்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றிலும் ஃபார்ம் உண்டு, எல்லாவற்றிலும் ஆட்டோமேஷன் (ஒன்று நடந்ததும் இன்னொன்றைத் தானாகச் செய்ய வைப்பது) உண்டு, எல்லாமே டிக். அந்தப் பட்டியலை வைத்து யாராலும் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. அப்புறம்தான் பட்டியலைக் கிழித்துவிட்டு, ஒவ்வொரு தளத்திலும் 417-ஐ உள்ளே விட்டுப் பார்த்தேன். உங்களிடமும் இப்படி ஒரு வில்லங்கமான வரி கட்டாயம் இருக்கும். அதைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

பேப்பரில் முதல் ஒரு மணி நேரம்

எந்தத் தளத்திலும் அக்கவுன்ட் திறக்காதீர்கள். ஒரு தாள் எடுத்து, உங்கள் ஷீட்டில் ஒரே விஷயம் எங்கெல்லாம் திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். எங்களிடம் ஒரே வாடிக்கையாளரின் முகவரி 38 வரிகளில் இருந்தது, நான்கு விதமான எழுத்துப் பிழைகளோடு. அப்படித் திரும்ப வருவது ஒவ்வொன்றும் தனி டேபிள். ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் 1970-இல் இதற்கான கணிதத்தையே எழுதி வைத்துவிட்டார். நமக்கு வேண்டியது ஒரு வரிதான்: ஒரு விஷயத்தை ஒரே இடத்தில் எழுது, மற்ற இடங்களில் அதன் நம்பரை மட்டும் காட்டு.

எங்களுக்கு வந்தது ஐந்து டேபிள். வாடிக்கையாளர், மெஷின், விசிட், ஸ்பேர் பார்ட்ஸ் என்ற நான்கும் எளிதாகத் தெரிந்தன. ஐந்தாவது 417 சொல்லிக் கொடுத்தது: 'யாரிடம் இருந்தது'. அதில் மெஷின் நம்பர், வாடிக்கையாளர் நம்பர், எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதி வரை என்று நான்கு காலம். 417-க்கு மட்டும் அதில் மூன்று வரி. விசிட் தேதி எந்த வரிக்குள் விழுகிறதோ, அவருக்கு பில்.

இரண்டு டேபிளை இணைப்பது எந்தத் தளத்திலும் ஐந்து நிமிட வேலை. விசிட்டைப் பதிவு செய்ததும் அந்தத் தேதியில் மெஷின் யாரிடம் இருந்தது என்று தானாகக் கண்டுபிடிக்க வைக்கும்போதுதான் தளங்கள் பிரிகின்றன. ஸோஹோ கிரியேட்டரில் டெலூஜ் என்ற அதன் சொந்த ஸ்கிரிப்டில் சில வரிகள் எழுத வேண்டும். ஏர்டேபிள் ஃபார்முலா அந்தந்த ரெக்கார்டுக்குள், அதாவது ஒரு வரிக்குள், வேலை செய்வது. பக்கத்து டேபிளில் இருப்பதை லுக்அப் (இணைத்த வரியிலிருந்து எடுத்துக் காட்டுவது), ரோல்அப் (அப்படி எடுத்தவற்றைத் தொகுப்பது) வழியாகத்தான் கொண்டுவர வேண்டும், அதனால் இந்த மாதிரித் தேடலுக்கு அங்கே ஆட்டோமேஷன்தான் வழி. எது உசத்தி என்பது என் கேள்வி இல்லை. நான் லீவில் இருக்கும்போது இது நின்றுபோனால் அலுவலகத்தில் வேறு யாராவது திறந்து படித்துப் புரிந்துகொள்வார்களா என்று பார்த்தேன். அதற்கு மார்க் போட்டேன்.

வெளியே வரும் வாசல்

உள்ளே போகும் முன் வெளியே வரும் வழியைப் பார்ப்பது என் வழக்கம். இது வீண் பயமில்லை. கோக்ஹெட் என்ற தளம் 2009-இல் மூடியபோது வாடிக்கையாளர்களுக்குச் சில வாரங்கள்தான் கிடைத்தன. டாபிள் டிபியை நடத்திய நிறுவனத்தை ட்விட்டர் 2010-இல் வாங்கியது, அடுத்த வருடம் டாபிள் டிபி இல்லை. சின்ன நிறுவனம் என்பதால்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். கூகுளின் ஆப் மேக்கர் 2021 ஜனவரியிலும், அமேசானின் ஹனிகோடு 2024 பிப்ரவரியிலும் மூடப்பட்டன.

சோதனை இதுதான். இருபது ரெக்கார்டு போடுங்கள். மூன்றில் போட்டோ, இரண்டில் கமென்ட், ஒன்றில் உங்களுடைய 417. எல்லாவற்றையும் எக்ஸ்போர்ட் செய்து, கையில் வந்த ஃபைல்களை மட்டும் வைத்துக்கொண்டு இன்னொரு தளத்தில் அதே ஆப்பைத் திரும்பக் கட்ட முயலுங்கள். அரை நாள் பிடிக்கும்.

நான் செய்தபோது ஒரு தளம் கொடுத்த சிஎஸ்வியில் (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்), இணைத்திருந்த வாடிக்கையாளர் வெறும் பெயராக வந்து நின்றார். எங்களிடம் ஒரே பெயரில் இரண்டு வாடிக்கையாளர்கள். எது யாருடைய மெஷின் என்று சிஎஸ்வியைப் பார்த்தால் பிரம்மாவுக்கே தெரியாது. அன்றிலிருந்து ஒவ்வொரு டேபிளிலும் தானாக ஏறும் ஒரு நம்பரை முதல் காலமாக வைக்கிறேன், இணைப்பு அந்த நம்பரில்தான். போட்டோக்கள் ஃபைலாக வரவில்லை, லிங்க்காக வந்தன. பரவாயில்லை, காலையில் டவுன்லோடு செய்யலாம் என்று வீட்டுக்குப் போனேன். காலையில் அந்த லிங்க் எதுவும் திறக்கவில்லை. சில மணி நேரம்தான் அதற்கு ஆயுள். கமென்ட் வரவே இல்லை.

ஒன்றை மனதில் வையுங்கள்: வெளியே வருவது டேட்டா மட்டும்தான். ஃபார்ம், ரிப்போர்ட், யார் எதைப் பார்க்கலாம் என்ற விதிகள், ஆட்டோமேஷன் எல்லாம் அங்கேயே தங்கிவிடும். அதனால் ஒவ்வொரு ஆட்டோமேஷனையும் இரண்டு வரியில் தமிழில் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். பேஸ்ரோ போன்றவற்றை உங்கள் சொந்த சர்வரிலேயே போட்டுக்கொள்ளலாம். அடியில் இருப்பது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போகலாம். ஆனால் பேக்கப், அப்டேட், ராத்திரி சர்வர் படுத்தால் எழுப்புவது எல்லாம் உங்கள் தலையில். எங்கள் அலுவலகத்தில் அதற்கு ஆள் இல்லை.

எத்தனை வரி தாங்கும்

2020 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு 15,841 கொரோனா பாசிட்டிவ் முடிவுகளைத் தவறவிட்டது. எக்ஸ்எல்எஸ் என்ற பழைய வகை எக்ஸெல் ஃபைலில் ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிதான் இடம், அதற்கு மேல் வந்தவை விழுந்துவிட்டன. தளங்களுக்கும் இப்படி எல்லைகள் உண்டு. பிளான் பக்கத்தில் எழுதியிருக்கும் எல்லை ஒன்று, எழுதாமல் உள்ளே ஒளிந்திருக்கும் எல்லை இன்னொன்று.

முதல் வகை எளிது. ஒரு டேபிளுக்கு எத்தனை ரெக்கார்டு, அட்டாச்மென்ட்டுக்கு எவ்வளவு இடம், மாதத்துக்கு எத்தனை ஆட்டோமேஷன். உங்கள் மூன்று வருட வளர்ச்சியைக் கணக்குப் போட்டு ஒப்பிட்டால் போதும். எல்லைகள் மாறிக்கொண்டே இருப்பவை, வாங்கும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வகைக்கு உதாரணம் பவர் ஆப்ஸில் டெலிகேஷன் என்று சொல்லும் விஷயம். ஒரு தேடலை டேட்டா இருக்கும் சர்வருக்கே அனுப்ப முடிந்தால் சிக்கல் இல்லை. முடியாத ஃபார்முலாவாக இருந்தால் முதல் 500 ரெக்கார்டுகளை எடுத்து அதற்குள் மட்டும் தேடும். செட்டிங்கில் 2,000 வரை கூட்டலாம். கட்டும்போது எடிட்டர் எச்சரிக்கைக் குறி காட்டும், ஆனால் ஆப்பைப் பயன்படுத்துகிறவருக்கு அது தெரியாது. இருபது ரெக்கார்டில் எல்லாம் ஜோராக வேலை செய்யும். அதனால் சோதனையின் இரண்டாம் கட்டமாக எக்ஸெல்லில் நம்பரை இழுத்து இழுத்து 5,000 போலி ரெக்கார்டு தயார் செய்து ஏற்றுங்கள். 4,990-ஆவதைத் தேடுங்கள். கிடைக்கிறதா, எவ்வளவு நேரத்தில் என்று பாருங்கள்.

இன்னொரு லாகினில் பாருங்கள்

நீங்கள் கட்டியவர் என்பதால் உங்களுக்கு எல்லாம் தெரியும். பிரவுசரில் பிரைவேட் விண்டோ திறந்து டெக்னீஷியன் லாகினில் நுழையுங்கள். மற்றவருடைய விசிட்டைப் பார்க்க முடிகிறதா? லாப விவரம் இருக்கும் காலத்தை வியூவில் (டேபிளைக் காட்டும் திரையில்) மறைத்து வைத்திருக்கிறீர்கள், அவர் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிகிறதா? வியூவில் மறைப்பது திரைச்சீலை மாதிரி, பூட்டு இல்லை. தளம் ரெக்கார்டு அளவில் பூட்டுகிறதா என்று கேளுங்கள். ஆப்ஷீட்டில் செக்யூரிட்டி ஃபில்டர் என்று தனியாகவே இருக்கிறது. சேல்ஸ் ஆளிடம் "பெர்மிஷன் இருக்கா?" என்று கேட்டால் எப்போதும் இருக்கிறது என்பார். நீங்களே நுழைந்து பார்ப்பதுதான் பதில்.

தமிழில் டேட்டா இருந்தால்

இதை எந்த ஒப்பீட்டிலும் நான் பார்த்ததில்லை. 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் (கம்ப்யூட்டரில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் கொடுக்கும் முறை) இரண்டு விதமாக வைக்கலாம்: க-வோடு ொ என்ற ஒரே குறி, அல்லது க-வோடு ெ ஒன்றும் ா ஒன்றும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இவற்றை ஒன்றாக்கிப் பார்க்காத தளத்தில் 'கொடி' என்று தேடினால் பாதிதான் வரும். வேறு வேறு கீபோர்டில் அடித்த இரண்டு பெயர்களைப் போட்டுத் தேடிப் பாருங்கள், ஒரு நிமிட வேலை.

அடுத்தது அகர வரிசை. யூனிகோடு எண்படி வரிசைப்படுத்தும் தளத்தில் 'ன' கடைசியில் வராது, 'ந'-வுக்கு அடுத்து வந்து நிற்கும். 'ஜ' போய் 'ச'-வுக்கும் 'ஞ'-வுக்கும் நடுவில் புகுந்துகொள்ளும். பெயர்ப் பட்டியலை அச்சடித்துத் தேடுகிறவர்கள் இருந்தால் குழம்பிப்போவார்கள்.

எக்ஸ்போர்ட் செய்த சிஎஸ்வியை எக்ஸெல்லில் டபுள் கிளிக் செய்து திறந்து, தமிழ் எல்லாம் கட்டமும் குறியுமாக வந்தால் பதற வேண்டாம். டேட்டா மெனு வழியாக இம்போர்ட் செய்து எழுத்து முறை யுடிஎஃப்-8 என்று சொன்னால் சரியாகிவிடும். டபுள் கிளிக்கில் இன்னொரு ஆபத்தும் உண்டு: 00417 என்பது 417 ஆகிவிடும், 3-10 என்ற பார்ட் நம்பர் தேதியாகிவிடும். எக்ஸெல் தேதியாக மாற்றிவிடுகிறது என்பதற்காகவே 2020-இல் சில மனித ஜீன்களின் பெயர்களை மாற்றினார்கள். பார்ட் நம்பர் எல்லாம் எந்த மூலைக்கு?

காசு விஷயத்தில் தொகையை விடக் கணக்குப் போடும் முறைதான் முக்கியம். ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கும் தளத்தில், மாதம் ஒருமுறை நுழையும் ஆடிட்டரும் ஒரு ஆள்தான். காஸ்பியோ பயன்படுத்துகிறவர் எண்ணிக்கைக்குக் காசு வாங்குவதில்லை. வாடிக்கையாளர்களையே லாகின் செய்ய விடப்போகிறீர்கள் என்றால் இந்த ஒன்றே முடிவை மாற்றிவிடும். உள்ளே ஆறு பேர் மட்டும் என்றால் ஆள் கணக்கே லாபமாக இருக்கலாம்.

போனிலும் ஒருமுறை சோதிக்க வேண்டும், மேசையில் உட்கார்ந்து இல்லை. எங்கள் டெக்னீஷியனிடம் கடைசியில் மிஞ்சிய இரண்டு ஆப்களையும் கொடுத்து, சிக்னல் இல்லாத ஒரு பேஸ்மென்ட்டில் நின்று விசிட் பதிவு செய்யச் சொன்னேன். ஒன்று மேலே வந்ததும் தானாக ஏற்றிக்கொண்டது. இன்னொன்றில் பதினான்கு கட்டங்களை நிரப்பிவிட்டு அவர் சேவ் அழுத்த, எல்லாம் காலி. "இதுக்கு நான் நோட்டுலயே எழுதிக்கறேன்" என்று போனை மேசையில் வைத்தார். தேர்வு அத்தோடு முடிந்தது.

மாறிய பிறகு பழைய ஷீட்டைத் திருத்த முடியாதபடி பூட்டி, மூன்று மாதம் அப்படியே வைத்திருங்கள். வரிகளின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். எங்களுடையதில் ஷீட்டில் 2,318 விசிட், புதியதில் 2,316. ஒரு நாள் முழுக்கத் தேடி அந்த இரண்டையும் பிடித்தேன். ஷீட்டில் யாரோ தேதியை 30/2 என்று அடித்திருந்தார்கள். எக்ஸெல் அதை வெறும் எழுத்தாக வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறது, புதிய தளத்தின் தேதிக் காலம் ஏற்கவில்லை. உண்மையில் எந்த நாள் என்று டெக்னீஷியனிடம் கேட்டேன், அவருக்கும் ஞாபகம் இல்லை. தேதியைக் காலியாக விட்டு, குறிப்பில் 'பழைய ஷீட்டில் 30/2' என்று போட்டு இரண்டையும் கையால் ஏற்றினேன். அதில் ஒன்று 417-இன் விசிட்.