கதான்ஸ்க் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு

போலந்தின் பால்டிக் துறைமுக நகரமான கதான்ஸ்க்கில் பெரும்பாலானோர் நெப்டியூன் நீரூற்று, மோத்வாவா ஆற்றங்கரையின் பழைய மரப் பளுதூக்கி ஆகியவற்றோடு திரும்பிவிடுகிறார்கள். இரண்டும் அழகுதான். ஆனால் ஒரு முழு நாளை சாலிடாரிட்டி என்ற போலந்துத் தொழிற்சங்க இயக்கத்தின் கதை சொல்லும் ஐரோப்பிய சாலிடாரிட்டி மையத்துக்கும் இரண்டாம் உலகப்போர் அருங்காட்சியகத்துக்கும் ஒதுக்குங்கள். 1980இல் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்த கப்பல் கட்டும் தளத்தின் வாசலருகே முதலாவது இருக்கிறது; அந்த இடத்தில் நிற்பதே தனி அனுபவம். அப்புறம் பார்க்கும் பழைய வீதிகள் வேறு மாதிரித் தெரியும், ஏனெனில் அவற்றில் பெரும்பகுதி 1945இல் அழிந்து, மீண்டும் கட்டப்பட்டவை.

முழங்கால் வலி இல்லையென்றால் புனித மரியாள் தேவாலயக் கோபுரம் ஏறலாம். 400க்கும் மேற்பட்ட படிகள்.

மரியாட்ஸ்கா தெருவில் அம்பர் (கல்லாக இறுகிய பழங்கால மரப்பிசின்) வாங்கும்போது சான்றிதழ் கேளுங்கள். தெருவோர மலிவுச் சரக்கில் பிளாஸ்டிக் கலந்திருக்கலாம். நகையில் பதிக்காத கல் என்றால் அடர்த்தியான உப்புநீரில் போட்டுப் பாருங்கள், அம்பர் மிதக்கும். சில பிளாஸ்டிக்கும் மிதக்கும் என்பதால் இதை மட்டும் நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம்.

ஜூலை இறுதி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை புனித டொமினிக் சந்தை நடக்கும். அப்போது அறைகள் கிடைப்பது கடினம். பக்கத்து சோபோட்டில் தங்கினாலும் உள்ளூர் ரயிலில் சுமார் இருபது நிமிடம்தான்.