விமானம் கட்டும் முன் இருபது ரிவிட் அடித்துப் பாருங்கள்

வீட்டு கராஜில் விமானம் கட்டுகிறேன் என்று ஊரில் சொன்னால் முதல் கேள்வி "பறக்குமா?", இரண்டாவது "வீட்டில் ஒன்றும் சொல்லவில்லையா?". பறக்கும். வீட்டு விஷயத்துக்குப் பிறகு வருகிறேன், ஏனென்றால் இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும்.

நான் இருக்கும் அமெரிக்காவில் இதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. கற்றுக்கொள்ளவோ பொழுதுபோக்காகவோ கட்டுபவர், பாதிக்கு மேல் வேலையைத் தானே செய்திருந்தால், விமானத் துறையான எஃப்.ஏ.ஏ. அதை 'எக்ஸ்பெரிமென்டல்' பிரிவில் ஏற்றுக்கொள்ளும். ஓரிகான் மாநிலத்தில் உள்ள வேன்ஸ் ஏர்கிராஃப்ட் கம்பெனியின் ஆர்.வி. கிட்களை வாங்கிக் கட்டி, இதுவரை பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பறந்துவிட்டார்கள். கிட் என்றால் துளை போட்டு வளைத்த அலுமினியத் தகடுகள் பெட்டி பெட்டியாக வரும், சேர்ப்பது நம் வேலை. சேர்ப்பது என்றால் முக்கால்வாசி ரிவிட் அடிப்பதுதான். ஒரு விமானத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல் போகும்.

(நம் பேச்சில் 'ரிவிட் அடித்துவிட்டான்' என்றால் வேறு அர்த்தம் என்று தெரியும். இது நிஜ ரிவிட், வாணலிக் கைப்பிடியில் இருக்குமே, அதன் ஒன்றுவிட்ட தம்பி.)

புதியவர்கள் செய்யும் தப்பு, ஆசையில் நேராக வால் பகுதி கிட்டை ஆர்டர் செய்துவிட்டு அதிலேயே கற்றுக்கொள்வது. நானும் அதைத்தான் செய்தேன், எலிவேட்டர் (லிஃப்ட் இல்லை, மூக்கை ஏற்றி இறக்க வாலில் அசையும் பகுதி) தகடு ஒன்றைக் குப்பையில் போட்டேன். அதனால் இரண்டு துண்டுத் தகடு, இருபது ரிவிட், ஒரு சாயங்காலம். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் கிட் வாங்குங்கள்.

என்னென்ன வேண்டும்

2024-டி3 ஆல்கிளாட் தகடு (2024 வருடமல்ல, அலுமினியக் கலவையின் எண்), 0.032 அங்குலத் தடிமன், அதாவது சுமார் 0.8 மில்லிமீட்டர். ஆல்கிளாட் என்றால் கலப்பு உலோகத்தின் இரு பக்கமும் சுத்த அலுமினியம் மெல்லிசாகப் பூசியது. துருவைத் தடுப்பது அந்தப் பூச்சுதான், அதனால் கீறாமல் கையாளுங்கள். அதிலிருந்து ஒரு சாண் நீளம், இரண்டு விரல் அகலத்தில் இரண்டு பட்டை வெட்டிக்கொண்டால் போதும்.

ரிவிட் ஏஎன்470ஏடி4-4. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 470 என்றால் உருண்டைத் தலை (426 என்றால் தகட்டோடு சமமாக உட்காரும் தட்டைத் தலை). ஏடி என்பது உலோகம், 2117 அலுமினியக் கலவை. தலையின் நடுவில் ஊசிமுனை அளவு ஒரு குழி இருக்கும், அதுதான் அடையாளம். முதல் 4, குறுக்களவு, 32-ல் எத்தனை பங்கு என்ற கணக்கில்: 4/32, அதாவது 1/8 அங்குலம். கடைசி 4, நீளம், ஆனால் இது 16-ல் எத்தனை பங்கு: 4/16, அதாவது கால் அங்குலம். ஒரே பெயருக்குள் இரண்டு கணக்கு வைத்த புண்ணியவான் யாரோ. ஹார்டுவேர் கடை ரிவிட்டைப் பயிற்சிக்குக்கூட வாங்காதீர்கள், கை தப்பான பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் கம்ப்ரசர், ரிவிட் கன் (காற்றால் படபடவென்று அடிக்கும் சுத்தியல்), பக்கிங் பார் (ரிவிட்டின் வாலுக்கு, அதாவது மறுபக்கம் நீட்டும் முனைக்குப் பின்னால் பிடிக்கும் கனமான இரும்புக்கட்டி, டங்ஸ்டனிலும் கிடைக்கிறது, விலை வயிற்றெரிச்சல், ஆனால் சின்னக் கட்டியிலேயே நல்ல கனம்), 30-ம் நம்பர் ட்ரில் பிட், கிளீகோ (தகடுகளைத் தற்காலிகமாகச் சேர்த்துப் பிடிக்கும் ஊக்கு) ஒரு டஜன். காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு கட்டாயம். மூடிய கராஜுக்குள் ரிவிட் கன் சத்தம் சாதாரணமானதல்ல.

துளை

ரிவிட் வேலையின் பாதி ரிவிட் தொடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. தகட்டு விளிம்பிலிருந்து துளையின் மையம் குறைந்தது ரிவிட் குறுக்களவில் இரண்டு மடங்கு தள்ளி இருக்க வேண்டும். 1/8 ரிவிட்டுக்குக் கால் அங்குலம். அதைவிட நெருங்கினால் பாரம் வரும்போது விளிம்பு கிழிந்துபோகும். பயிற்சிக்கு முக்கால் அங்குலத்துக்கு ஒரு துளை, வரிசைக்குப் பத்து, இரண்டு வரிசை என்று பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். கூரான எதையும் வைத்துக் கோடு கிழிக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? ஷாம்பு பாக்கெட்டின் ஓரத்தில் சின்ன வெட்டு இருக்குமே, அது இருந்தால் ஒரே இழுப்பில் கிழியும், இல்லாவிட்டால் பல்லால் கடிக்க வேண்டும். பறக்கும்போது இறக்கைத் தகடு ஓயாமல் கொஞ்சம் கொஞ்சம் வளைந்து நிமிர்கிறது. கீறலோ பிசிறோ இருக்கும் இடத்தில்தான் விரிசல் பிறக்கும்.

இரண்டு பட்டைகளையும் சேர்த்துப் பிடித்து, கீழே ஒரு மரக்கட்டை வைத்து, பிட் தகட்டுக்குச் செங்குத்தாக நிற்கும்படி, வேகமாகச் சுழலவிட்டு லேசாக அழுத்தித் துளையிடுங்கள். முதல் துளை போட்டதும் அதில் ஒரு கிளீகோவைச் செருகுங்கள். துணி தைக்கும் முன் குண்டூசி குத்துவோமே, அதே வேலை. ஸ்பிரிங்கால் தகடுகளை நெருக்கிப் பிடிக்கும். 1/8 துளைக்குச் செம்பு நிறம், 3/32-க்கு வெள்ளி நிறம். எல்லாத் துளையும் போட்ட பின் பட்டைகளைப் பிரித்துவிடுங்கள். ஆமாம், பிரிக்க வேண்டும், சோம்பல்படாதீர்கள். நடுவில் சிக்கிய பிசிறு தகடுகளை ஒட்டவிடாது.

பிசிறு எடுக்க டீபர் கருவி இருக்கிறது. கையில் பிடித்து இரண்டு சுற்று, மூன்றாவது வேண்டாம். அதிகம் சுற்றினால் துளையின் வாய் அகன்று விளிம்பு கத்தி மாதிரி மெல்லிசாகிவிடும். விரலால் தடவினால் எதுவும் தட்டக்கூடாது, அவ்வளவுதான் சோதனை. பட்டையின் ஓரங்களுக்கு அரம் போட்டு, ஸ்காட்ச் பிரைட்டால் தேய்த்துவிடுங்கள். பாத்திரம் தேய்க்கும் பச்சை இல்லை, பட்டறைகளில் வைத்திருக்கும் அரக்கு நிறம்.

நீளம் சரிதானா

பட்டைகளைத் திரும்பச் சேர்த்து, இரண்டு துளைக்கு ஒன்றாகக் கிளீகோ போட்டு, காலியான துளையில் ரிவிட்டைச் செருகிப் பாருங்கள். பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் வால், ரிவிட் குறுக்களவில் ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். நம் கணக்கில் தகடுகள் இரண்டும் சேர்த்து 1.6 மில்லிமீட்டர், ரிவிட் 6.4, மிச்சம் 4.8. 1/8 அங்குலம் என்பது 3.2 மில்லிமீட்டர், அதில் ஒன்றரை மடங்கு 4.8. கச்சிதம். நீளம் அதிகமானால் அடிக்கும்போது வால் ஒரு பக்கமாகச் சாயும், குறைந்தால் தலை கட்டாது.

அடி

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். கன் ஒருவர் கையில், பார் ஒருவர் கையில். எங்கள் வீட்டில் பார் என் மனைவியிடம். கன் பிடிப்பவர்தான் வேலை செய்கிறார் என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். ரிவிட் நன்றாக வருமா வராதா என்பது உண்மையில் பார் பிடிக்கும் கையில் இருக்கிறது. இதை நான் ஒப்புக்கொள்ளவே ஒரு வருடம் ஆனது.

முதலில் பட்டைகளைக் கிடுக்கியில் அசையாமல் கட்டுங்கள். காற்றழுத்தம் நான் இந்த ரிவிட்டுக்கு 40 பிஎஸ்ஐ-யில் தொடங்குகிறேன். உங்கள் கன் வேறாக இருக்கலாம், ஒரு மரக்கட்டையில் அடித்துப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். உருண்டைத் தலைக்கு ஏற்ற கிண்ணம் போன்ற செட்டை கன்னில் மாட்டி, அதைப் பிடித்துக்கொள்ளும் ஸ்பிரிங்கையும் மாட்டுங்கள். ஸ்பிரிங் இல்லாமலோ வெறும் காற்றிலோ டிரிகரை இழுக்கவே கூடாது, செட் தோட்டா மாதிரி பறக்கும்.

கன் பிடிப்பவர் செட்டை ரிவிட் தலையில் நேராக உட்காரவைத்து அழுத்துகிறார். பார் பிடிப்பவர் கட்டியின் தட்டையான முகத்தை வால் மேல் வைக்கிறார், வைத்ததும் "ம்" என்கிறார். அந்த "ம்" வராமல் டிரிகர் இல்லை. பார் இல்லாமல் ஒரு அடி விழுந்தாலும் தகடு குழிந்துவிடும், அதை நிமிர்த்த முடியாது. கன் பக்கத்து அழுத்தம் எப்போதும் பார் பக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும், இல்லாவிட்டால் தலை தகட்டை விட்டு எழும்பும். பாரை இறுக்கிப் பிடித்து எதிர்க்க வேண்டாம். கட்டி தானாக அதிர வேண்டும், அந்த அதிர்வுதான் வாலை நசுக்குகிறது.

இரண்டு மூன்று விநாடியில் முடிய வேண்டும். மெதுவாக, பயந்து பயந்து, டொக் டொக்கென்று அரை நிமிடம் அடித்தால் உலோகம் அடிபட்டே இறுகி, பிறகு வெடிக்கும். (இதைவிட வலுவான 2024 கலவை ரிவிட்கள் உண்டு. சூடாக்கிக் குளிர்வித்ததும் தானாக இறுகத் தொடங்கிவிடும் என்பதால், அடிக்கும் வரை ஐஸ்பெட்டியில் வைத்திருப்பார்கள். நம் ஏடி ரிவிட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை.)

அழகாக அடித்த ரிவிட்டின் வால் ஒரு குட்டி வில்லையாக மாறியிருக்கும்: அகலம் குறுக்களவில் ஒன்றரை மடங்கு, உயரம் பாதி. நமக்கு 4.8-க்கு 1.6 மில்லிமீட்டர். முதல் சில ரிவிட்களைக் காலிப்பரில் அளந்து பாருங்கள், பிறகு கண்ணே பழகிவிடும். கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றும் நடந்திருக்கும். ரிவிட்டின் உடல் பருத்துத் துளையை முழுசாக நிரப்பியிருக்கும். தகடுகளை நகராமல் பிடித்துக்கொள்வது அதுதான்.

கெட்டுப்போனால்

கெட்டுப்போகும். இருபதில் எட்டு கெட்டால் நல்ல தொடக்கம்.

வில்லை உயரமாக இருந்தால் இன்னும் ஒரு விநாடி அடியுங்கள். சாய்ந்திருந்தால் பார் கோணலாக இருந்தது. தலையில் பிறைநிலா மாதிரி வெட்டு விழுந்திருந்தால் கன் சரிந்தது. இரண்டு தகடுகளுக்கும் நடுவில் பிளேடு நுழையும் இடைவெளி தெரிந்தால், ரிவிட் அங்கேயும் பருத்துவிட்டது என்று அர்த்தம், அதை எடுத்தே ஆக வேண்டும். வில்லையில் விரிசல் இருந்தாலும் அப்படியே.

ஆனால் எதையும் எடுப்பதற்கு முன் கையைக் கட்டிக்கொண்டு ஒரு நிமிடம் யோசியுங்கள். நான் அந்த எலிவேட்டர் தகட்டைக் கெடுத்தது ரிவிட் அடித்து அல்ல, எடுத்து. கொஞ்சம் அதிகமாக நசுங்கிய, மற்றபடி ஒரு குறையும் இல்லாத ரிவிட். அழகாக இல்லையே என்று ட்ரில் செய்தேன், பிட் வழுக்கித் துளை முட்டை வடிவமானது. அதைச் சரிசெய்யப் போய்ப் பக்கத்துத் துளை. பரிசோதனைக்கு வந்த பெரியவர் பார்த்துவிட்டு, முதல் ரிவிட் அப்படியே இருந்திருக்கலாமே என்றார். வீட்டில் விமானம் கட்டுபவர்களின் ஈ.ஏ.ஏ. சங்கத்தில் இப்படி அனுபவசாலிகள் காசு வாங்காமல் வீட்டுக்கே வந்து வேலையைப் பார்த்துச் சொல்வார்கள். 1953-ல் பால் போபெரெஸ்னி மில்வாக்கியில் தொடங்கிய சங்கம் அது. சந்தேகமான ரிவிட் இருந்தால் அவர்கள் வரும்வரை ஒரு பேனா வட்டம் போட்டுவைத்துத் தூங்கப் போங்கள்.

எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், தலையின் நடுவில் ஊசிமுனைக் குழி இருக்கிறதே, அதுவே பிட்டுக்கு வழிகாட்டி. துளையைவிடச் சிறிய 40-ம் நம்பர் பிட்டை அதில் வைத்து, முதலில் கையால் நாலு சுற்று சுற்றி மையம் சரிதானா என்று பார்த்துவிட்டு, தலையின் ஆழம் வரை மட்டும் துளையிடுங்கள். அந்தக் குழிக்குள் மெல்லிய 'பஞ்ச்' கம்பி ஒன்றை விட்டுச் சாய்த்தால் தலை தனியாக உடைந்து வரும். பின்பக்கம் வில்லைக்குச் சுற்றிலும் துளையுள்ள மரக்கட்டையால் முட்டுக்கொடுத்து, மிச்சத்தை அந்தக் கம்பியால் தட்டி வெளியேற்றுங்கள். முட்டு இல்லாமல் தட்டினால் தகடு வளையும். துளை பெரிதாகிவிட்டால் அடுத்த அளவான 5/32 ரிவிட் போடலாம், விளிம்புத் தூரக் கணக்கு அதற்கும் இடம் கொடுத்தால்.

அடுத்து

உருண்டைத் தலை கைக்கு வந்ததும் தட்டைத் தலைக்குப் போங்கள். வெளித் தோலில் காற்று உரசாமல் இருக்க அதைத்தான் போடுகிறோம். மெல்லிய தகடென்றால் துளையைச் சுற்றி டிம்பிள் அழுத்தி 100 டிகிரிக் கிண்ணமாக்க வேண்டும். அது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன். இந்தச் சத்தமே வேண்டாம் என்பவர்களுக்கு, பெரும்பாலும் இழுத்து மாட்டும் பாப் ரிவிட்டாலேயே கட்டும் ஆர்.வி.-12 போன்ற விமானங்களும் இருக்கின்றன, அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இந்த இருபது ரிவிட் பட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். விமானம் பறக்கத் தொடங்கிய பிறகு 12 மாதத்துக்கு ஒருமுறை முழுப் பரிசோதனை உண்டு. கட்டியவர் அதற்கான எஃப்.ஏ.ஏ. சான்றிதழ் வாங்கிக்கொண்டால் தானே செய்யலாம். அப்போது டார்ச் அடித்து ஒவ்வொரு வரிசையாகப் பார்க்கும்போது, ஏதாவது ஒரு ரிவிட்டைச் சுற்றிக் காற்றுப் போகும் திசையில் கண்மை இழுகியது மாதிரி கறுப்புக் கோடு தெரிந்தால் அது அழுக்கில்லை. ரிவிட் தளர்ந்து, தகட்டோடு உரசி, அலுமினியப் பொடி வெளியே வருகிறது. துடைத்துவிட்டுத் தேதி எழுதிவையுங்கள், அடுத்த சில பறப்புகளில் திரும்ப வந்தால் மாற்றுங்கள். மாற்றும் முன் அந்தப் பழைய பட்டையை எடுத்து, அதில் இரண்டு ரிவிட்டை ட்ரில் செய்து, கை இன்னும் நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.