பாட்டி, ஃபின் காபி, எலிவால்: ஒருவரே நடிக்கும் வியட்நாம் குடும்ப நகைச்சுவை நாடகம் அமைப்பது எப்படி?

60 நிமிட நாடகத்துக்கு 4 பாத்திரங்கள் போதும்: கதை சொல்லும் பேத்தி, பாட்டி, பெரியப்பா, பிரெஞ்சு அதிகாரி. ஐந்தாவது ஆள் வந்தால் குரல்கள் கலந்துவிடும்.

எழுத உட்கார்ந்ததும் முதல் தாளில் உறவுமுறையை எழுதிக்கொள்ளுங்கள். வியட்நாமியக் குடும்பத்தில் ‘நான்’, ‘நீ’ இரண்டையும் உறவுதான் தீர்மானிக்கும். அப்பாவின் அண்ணன் ‘பாக்’, தம்பி ‘சூ’. நமக்குப் பெரியப்பா, சித்தப்பா இருப்பதால் இது சிரமமில்லை. பேத்தி தன்னையே உறவுப் பெயரால் சொல்லிக்கொள்வதுதான் புதிது. தமிழில் நடித்தால் “நான் சாப்பிட்டேன்” வேண்டாம். “பேத்தி சாப்பிட்டாச்சு, பாட்டி” என்று எழுதுங்கள். உடை மாற்றாமலே ஆள் மாறிவிடும். அம்மா சைகோன்காரி என்றால் இன்னொரு சரக்கும் கிடைக்கும்: தெற்கே மூத்த பிள்ளையை ‘இரண்டு’ என்றுதான் அழைப்பார்கள். ஒன்று எங்கே என்று பேத்தி கேட்கட்டும். ஆளுக்கொரு காரணம் சொல்லட்டும்.

ஆள் மாறும்போது தலையை 90 டிகிரி திருப்பாதீர்கள், டென்னிஸ் பார்ப்பதுபோல் இருக்கும். இரு பக்கமும் 20 டிகிரி போதும். ஒத்திகையின்போது ஒவ்வொருவர் பார்வைக்கும் சுவரில் ஒரு டேப் ஒட்டுங்கள். பேத்தி உட்கார்ந்திருக்கும் பாட்டியை நிமிர்ந்து பார்த்துவிட்டால் மொத்தக் காட்சியும் போச்சு.

பாட்டியின் நீண்ட பேச்சுக்கு ‘ஃபின்’ காபி வடிகட்டியே கடிகாரம். 20 கிராம் தூளில் 20 மி.லி. வெந்நீர் விட்டு அரை நிமிடம் ஊறவிட்டு, மேலும் 80 மி.லி. ஊற்றினால் ஏறக்குறைய 5 நிமிடத்தில் வடியும். தூள் நைஸாக இருந்தால் அடைத்துக்கொள்ளும், பாட்டி பேசிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். கொரகொரப்பாக இருந்தால் ஒரே நிமிடத்தில் ஓடிவிடும். கண்டென்ஸ்டு மில்க்கை முதலிலேயே ஊற்றினால் சொட்டுச் சத்தம் கேட்காது. காலி டம்ளரில் வடியவிட்டு, அடியில் சிறிய மைக் வைத்து, பாலைக் கடைசியில் ஊற்றுங்கள்.

காலனிய வரலாற்றைப் பாடமாக நடத்தினால் பத்தாவது நிமிடத்தில் கைபேசிகள் ஒளிரும். மேடையில் தேதிகள் மூன்றைத் தாண்ட வேண்டாம். 1858-இல் தா நாங் மீது பிரெஞ்சுத் தாக்குதல், 1954-இல் தியென் பியென் ஃபூ போரில் பிரெஞ்சுத் தோல்வி, 1975-இல் சைகோன் வீழ்ச்சி. மீதியைச் சாப்பாட்டு மேசையே சொல்லும். காபி பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்த பயிர். ‘ஸா ஃபோங்’ பிரெஞ்சுச் சோப்பான ‘சவோன்’. ‘ஃபோ மாய்’ சீஸான ‘ஃப்ரொமாஜ்’. பாட்டி இவற்றைச் சுத்த வியட்நாமியம் என்று அடித்துப் பேசட்டும்.

அந்த மூன்று தேதிகளுக்கும் ஒரே விலக்கு 1902. அதை விட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். ஹனோயில் பிரெஞ்சுக்காரர் கட்டிய சாக்கடைகளில் எலி பெருகியது. வால் ஒன்றுக்குச் சன்மானம் அறிவித்தார்கள். வாலை மட்டும் நறுக்கி எலியை விட்டார்கள் மக்கள், அது குட்டி போடட்டும் என்று. புறநகரில் எலிப்பண்ணையே நடந்தது. இதை அதிகாரியின் வாயால், அறிக்கை வாசிக்கும் குரலில், முகத்தில் சிரிப்பில்லாமல் சொல்லவையுங்கள். வால்களை எண்ணும் இடத்தில் அவசரம் கூடாது. கூடைக்குக் கூடை எண்ணிக்கை ஏற ஏற அவர் பெருமிதம் ஏற வேண்டும்; வாலில்லா எலி ஒன்று காலடியில் ஓடும்போது மூன்று நொடி மௌனம்.

சிரிப்பு யார் மேல் விழுகிறது என்பதை ஒவ்வொரு பக்கத்திலும் சரிபாருங்கள். பாட்டியின் உச்சரிப்பைக் கேலி செய்தால் முதல் கைதட்டல் எளிதில் வரும். அதன்பின் அவர் துயரத்தை யாரும் நம்பமாட்டார்கள். சைகோன் சந்தையில் வரி வசூலித்த ‘இந்தியரை’ப் பாட்டி நினைவுகூர்ந்தால், அவர் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து போன தமிழராக இருக்கலாம். அவரையும் கோமாளியாக்காமல் எழுதுங்கள்.

முன்னோர் படையல் மேசையில் நிஜ ஊதுபத்தி வேண்டாம். புகை உணரி அலறினால் அரங்கையே காலி செய்ய வேண்டிவரும். முனையில் சிவப்பு எல்இடி பொருத்திய குச்சி போதும்.