பள்ளிக்கும் வீட்டுக்கும் பொதுவாக ஆறு கோழிகள்

நான் அறிவியல் ஆசிரியை. எங்கள் வகுப்பறைக்குப் பின்னால் ஒரு கூண்டு, அதில் ஆறு பெட்டைக் கோழிகள். பள்ளி நடக்கும் நாட்களில் அவற்றைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். நீண்ட விடுமுறை என்றால் ஆறும் என் வீட்டுக் கொல்லைக்கு வந்துவிடும். ஐந்தாவது வருடமாக இப்படி ஓடுகிறது. முதல் வருடம் மட்டும் ஓடவில்லை, நொண்டியது.

காரணம் நான்தான். வாரக் கடைசியில் வீட்டுக்கு ஒரு ஜோடி என்று பிள்ளைகளிடம் கோழியைக் கொடுத்தனுப்பினேன். திங்கட்கிழமை திரும்பி வந்த இரண்டையும் மற்ற நான்கும் சேர்ந்து துரத்தின. அவற்றில் ஒருத்தியான செம்பியின் கொண்டை கிழிந்து ரத்தம் காது மடல் வரை வழிந்தது. கோழிக்கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. சில நாட்கள் காணாமல் போய்த் திரும்புகிறவள், தன் இடத்தைச் சண்டை போட்டுத்தான் மீண்டும் பிடிக்க வேண்டும். இந்த வரிசையை 1920களின் தொடக்கத்தில் எழுதிக் காட்டியவர் தோர்லீஃப் ஷெல்டெரூப்-எப்பே என்ற நார்வேக்காரர். சின்னப் பையனாக இருந்தபோதே கோழிகளைப் பார்த்துக் குறிப்பு எடுக்கத் தொடங்கியவராம். இதைச் சொன்ன பிறகுதான் என் வகுப்பில் கூண்டு நோட்டுக்கு மவுசு வந்தது.

அதனால் கோழிகளைப் பிரிக்காதீர்கள். போனால் ஆறும் போகட்டும், இல்லாவிட்டால் ஆறும் இருக்கட்டும். சனி ஞாயிறுக்கு மனிதர்கள்தான் கோழியிடம் போக வேண்டும். காலையில் கதவைத் திறந்து, தண்ணீர் மாற்றி, தீவனம் போட்டு, முட்டை எடுத்து, இருட்டுவதற்குள் மறுபடி வந்து பூட்ட வேண்டும். இந்தப் பூட்டும் வேலைக்குத்தான் ஆள் கிடைப்பது கஷ்டம், அதை முதலில் எழுதிப் போட்டுக்கொள்ளுங்கள்.

சேவல் வேண்டாம். முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை, குஞ்சு பொரிக்க மட்டும்தான் வேண்டும். விடியுமுன் கூவி அக்கம்பக்கத்தாரை எழுப்பும், அதன் காலில் இருக்கும் கூரிய முள் சின்னப் பிள்ளைகளின் முகத்துக்கு நேராக வரும்.

கூண்டு இரண்டு இடத்திலும் தயாராக இருக்க வேண்டும். உள்ளே ஒரு கோழிக்கு நாலு சதுர அடி, மேய வெளியே பத்து சதுர அடி. இரவில் உட்காரும் கம்பில் ஆளுக்கு ஒரு சாண். முட்டையிட இரண்டு பெட்டி போதும், ஆறும் ஒரே பெட்டிக்குத்தான் அடித்துக்கொள்ளும். வலையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே வைக்குமே தவிர, கீரியையும் நாயையும் வெளியே நிறுத்தாது. அரை அங்குலக் கண் உள்ள கெட்டிக் கம்பிவலையைப் போட்டு, அடிப்பக்கத்தை ஓர் அடி மண்ணுக்குள் புதையுங்கள்.

இனி இடம் மாற்றுவது. இருட்டிய பிறகு செய்யுங்கள். கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது, கம்பில் உட்கார்ந்தபடியே இருக்கும். ஒரு கையை நெஞ்சுக்கு அடியில் நுழைத்து, இரண்டு கால்களையும் விரலிடுக்கில் பிடித்து, இன்னொரு கையால் சிறகுகளை உடம்போடு அணைத்துத் தூக்குங்கள். சரியாகப் பிடித்தால் "க்ர்ர்" என்று ஒரு முனகலோடு சரி, உள்ளங்கையில் அதன் சூடு தெரியும். தப்பாகப் பிடித்தால் தெருவே எழுந்துவிடும். காற்றோட்டமான பெட்டியில் மூன்று மூன்றாக வைத்துக் கொண்டுபோய், புதுக் கூண்டின் கம்பிலேயே உட்கார வையுங்கள். அடுத்த மூன்று நான்கு நாட்கள் வெளியே விடாதீர்கள். அதற்குள் இதுதான் வீடு என்று பழகிவிடும், பிறகு சாயங்காலமானால் தானாக வந்து அடையும்.

பள்ளியில் வைத்த தண்ணீர்க் குடுவையும் தீவன மூட்டையும் கூடவே வரட்டும். இடமும் மாறி, தீவனமும் மாறினால் முட்டை நின்றுபோகும். எல்லாம் சரியாகச் செய்தாலும் சில நாள் முட்டை குறையத்தான் செய்யும், பதறாதீர்கள். ஒரு கோழி நாளைக்கு 100 முதல் 120 கிராம் தின்னும். ஆறுக்கும் ஒரு மாதத்துக்கு இருபது கிலோவுக்குக் கொஞ்சம் மேல் வாங்கி வையுங்கள். முட்டைக்கோழித் தீவனமாகப் பார்த்து வாங்குங்கள். கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் வேண்டியவள் தின்றுகொள்வாள். வெயில் காலத்தில் தண்ணீர் செலவு இரண்டு மடங்காகும்.

சாப்பாட்டு டப்பாவில் மிஞ்சியதை எல்லாம் கொண்டுவந்து கொட்டுவது பிள்ளைகளின் அன்பு. அதை ஒரு சின்னக் கிண்ணத்தோடு நிறுத்துங்கள். உப்பு தூக்கலானது, பூசணம் பிடித்தது, சாக்லேட், அவகாடோ, வேகாத பீன்ஸ் விதை இவை கூடவே கூடாது.

நோய் விஷயத்தில் மட்டும் நான் கறார். ஆரோக்கியமாகத் தெரியும் கோழியின் எச்சத்திலும் சால்மோனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கலாம். கூண்டைத் தொட்டவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வகுப்புக்குள் வரக் கூடாது, கோழிக்கு முத்தமும் கிடையாது. வீட்டில் உங்களுக்கென்று வேறு கோழிகள் இருந்தால் இவற்றோடு கலக்காதீர்கள், செருப்பைக்கூடத் தனியாக வையுங்கள். வெள்ளைக்கழிச்சல் என்ற கோழி நோய்க்குத் தடுப்பூசி எப்போது என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டு நோட்டில் எழுதிவிடுங்கள். ஒன்று சோர்ந்து உட்கார்ந்திருந்தாலும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். மருந்து கொடுத்தால் எத்தனை நாள் முட்டை சாப்பிடக் கூடாது என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

அப்புறம் முட்டைக் கணக்கு. சண்டை வருவது இங்கேதான். எங்கள் ஏற்பாடு எளிது: அன்றைக்கு யார் பூட்டினார்களோ, அன்றைய முட்டை அவர்களுக்கு. இதற்குப் பிறகு பூட்டவும் ஆள் கிடைத்தார்கள்.

கோழி வாங்கும் முன்பே தலைமையாசிரியரோடு இன்னொன்றையும் பேசி எழுதிக்கொள்ளுங்கள். வயதாக ஆக முட்டை குறைந்து, ஒருநாள் நின்றும் போகும். அப்போது அந்தக் கோழி எங்கே இருக்கும்? எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில், என் கையெழுத்துக்கு மேலே, "டீச்சர் வீட்டில்" என்று இருக்கிறது. செம்பி இப்போது அங்கேதான், துணைக்கு இன்னொரு கிழவியோடு.