‘ஒரு வாய் காபிதான் குடிச்சேன்’: ஸ்கேனுக்கு வருமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“வெறும் வயித்துலதான வந்தீங்க பாட்டி?”

“பச்சைத் தண்ணிகூடப் பல்லுல படல கண்ணு. ஒரு வாய் காபிதான் குடிச்சேன்.”

ஸ்கேன் சென்டரில் டெக்னீஷியனாக இருக்கும் எனக்கு வாரத்தில் மூன்று நாளாவது இந்தப் பேச்சு நடந்துவிடும். அந்த ஒரு வாய் காபியில் பால் இருக்கிறது, பாலில் கொழுப்பு இருக்கிறது. கொழுப்பு குடலுக்குள் இறங்கியதும் பித்தப்பை தன்னிடம் இருக்கும் பித்தநீரைப் பிழிந்து வெளியே விட்டுச் சுருங்கிவிடும். பாட்டிக்குப் பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் சீட்டு எழுதியிருப்பார்கள். சுருங்கிக் கிடக்கும் பைக்குள் சின்னக் கல்லை டாக்டர் எப்படித் தேடுவார்? விடியும் முன்னே பஸ் ஏறி வந்தவரை மறுநாள் வரச் சொல்ல வேண்டியதாகிவிடும். காபிக்குப் பதில் அந்தப் பச்சைத் தண்ணீரைக் குடித்திருந்தால் ஒன்றும் கெட்டுப்போயிருக்காது.

நம் பேச்சில் எல்லாமே ‘ஸ்கேன்’தான். அல்ட்ராசவுண்டும் ஸ்கேன், சி.டி.யும் ஸ்கேன், எம்.ஆர்.ஐ.யும் ஸ்கேன். அதனால் ஒன்றுக்குச் சொன்னதை இன்னொன்றுக்குச் செய்துவிடுகிறோம். முழங்காலுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க வருபவர் முதல் நாள் இரவிலிருந்து பட்டினி கிடப்பார். அதற்குப் பட்டினியே தேவையில்லை. இதைவிட மனசு கஷ்டப்படுவது, ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு வரும் கர்ப்பிணிகள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் மயக்கமாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதுதான். “பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க” என்பார்கள். அந்த அக்காவுக்கு எடுத்தது பித்தப்பை பார்க்கும் மேல் வயிற்று ஸ்கேனாக இருந்திருக்கும். நேரம் வாங்கப் போன் பண்ணும்போதே டாக்டர் எழுதிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன ஸ்கேன், எந்த இடம், மருந்து செலுத்தி எடுப்பதா என்று படித்துச் சொல்லுங்கள். எழுத்து புரியவில்லையா, சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பிக் கேளுங்கள்.

அடிவயிற்று அல்ட்ராசவுண்டுக்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். ஒலி அலை காற்றைத் தாண்டிப் போகாது, தண்ணீருக்குள் நன்றாகப் போகும். பை நிறைந்தால் காற்று அடைத்த குடலை மேலே தள்ளிவிட்டு, பின்னால் இருக்கும் கர்ப்பப்பையைப் பார்க்க ஜன்னல் மாதிரி வழி விடும். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் நாலைந்து டம்ளர் தண்ணீர் போதும். பயத்தில் பாட்டில் பாட்டிலாகக் குடித்துவிட்டு வலியில் நெளிகிறவர்கள் உண்டு. அளவுக்கு மீறி நிறைந்தால் சிறுநீரகம்கூட லேசாக வீங்கினாற்போல் தெரியும். அடக்க முடியாவிட்டால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், முன்னால் அனுப்பி வைக்கிறோம். புராஸ்டேட் பார்க்க வரும் ஐயாக்களுக்கு இன்னொரு வார்த்தை: சிறுநீர் கழித்த பிறகு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று இரண்டாவது தடவை பார்ப்பார்கள். முதல் தடவை முடிந்ததும் வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள்.

சர்க்கரை நோயாளிகளைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. சாப்பிடக் கூடாது என்றார்கள் என்று இட்லியை விட்டுவிட்டு, சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொண்டு வருகிறார்கள். வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே கை நடுங்கி வியர்த்துவிடும். சாப்பாடு இல்லாத வேளையில் மாத்திரையோ இன்சுலினோ என்ன செய்வது என்று உங்கள் டாக்டரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள். காலையில் முதல் ஆளாக நேரம் வாங்குங்கள். பையில் கொஞ்சம் குளுக்கோஸ் இருக்கட்டும். பி.பி. மாத்திரை விஷயம் இதற்கு நேர் எதிர். டாக்டர் நிறுத்தச் சொல்லாத வரை பி.பி., இதயம், வலிப்பு மாத்திரைகளை ஒரு வாய் தண்ணீரோடு போட்டுக்கொண்டுதான் வர வேண்டும்.

மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி.க்கு வருபவர்கள், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்த ரிப்போர்ட்டை மறந்துவிட்டு வருவார்கள். ஊசி வழியாகப் போகும் அயோடின் மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும், அதனால்தான் அதைக் கேட்கிறோம். சர்க்கரைக்கு மெட்பார்மின் மாத்திரை சாப்பிட்டால் சொல்லுங்கள். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் அதை 48 மணி நேரம் நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். முன்பு ஒரு தடவை இதே மருந்தில் உடம்பெல்லாம் தடித்ததோ மூச்சு முட்டியதோ உண்டென்றால் அதை மறைக்கவே கூடாது. “சொன்னா எடுக்க மாட்டாங்க” என்று வீட்டுக்காரர்களே மறைப்பதைப் பார்த்திருக்கிறேன். சொன்னால் அதற்கேற்ற முன்னேற்பாடு செய்ய முடியும். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாது என்பதையும் சொல்லுங்கள். ஆனால் அது மட்டும் காரணமாக இந்த ஊசி ஆகாது என்று பயப்பட வேண்டாம். மருந்து ஏறும்போது உடம்பு சூடாகும், சிறுநீர் போய்விட்டது போலவே இருக்கும். போயிருக்காது. சில நொடிகளில் அடங்கிவிடும்.

இனி எம்.ஆர்.ஐ. ஸ்கேன் ஓடாத நேரத்திலும் அந்தக் காந்தம் அணைவதில்லை. காந்தத்தின் பலத்தை டெஸ்லா என்ற அளவில் சொல்வார்கள். 1.5 டெஸ்லா மெஷின் என்றால் பூமியின் காந்தத்தைவிடச் சுமார் 30,000 மடங்கு. 2018 ஜனவரியில் மும்பையில், நோயாளியோடு வந்த உறவினர் ஒருவர் ஆக்சிஜன் சிலிண்டரோடு அந்த அறைக்குள் போய், மெஷினால் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். நோயாளிகூட இல்லை, துணைக்கு வந்தவர். அதனால்தான் கூட வருபவர்களையும் அத்தனை தடவை கேட்கிறோம்.

“தங்கம் காந்தத்துல ஒட்டாதே தம்பி” என்று தாலியைக் கழற்றத் தயங்குவார்கள். ஒட்டாதுதான். ஆனால் போன மாதம் ஓர் அம்மாவின் தாலிக்கொடியைத் திருப்பிப் பார்த்தால் அதில் நாலு ஊக்கு வரிசையாகத் தொங்குகிறது. அவசரத்துக்கு உதவும் என்று வருஷக்கணக்காக அங்கேயே மாட்டி வைத்தவை. மாட்டியதே அவருக்கு நினைவில்லை. ஊக்கு இரும்பு. தங்கமேகூடப் படத்தைக் கெடுக்கும், சூடேறவும் இடம் உண்டு. கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாது என்பவர்கள் மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சள் கட்டிக்கொண்டு வருகிறார்கள். நல்ல வழி, நான் எல்லோருக்கும் சொல்வது. மூக்குத்தி திருகு இறுகியிருந்தால் முந்தின நாளே தட்டாரிடம் போய்க் கழற்றிவிடுங்கள். இங்கே வந்து இழுத்து மூக்கு புண்ணாகிறது. அரைஞாண், தாயத்து, மெட்டி, ஜரிகைச் சேலை, கண் மை எதுவும் வேண்டாம்.

வெளியே தெரிகிற நகையைவிட உள்ளே இருக்கும் உலோகம் ஆபத்தானது. பேஸ்மேக்கர், காது கேட்க வைத்த கருவி, மூளை ரத்தக்குழாயில் போட்ட கிளிப், எலும்பில் பொருத்திய பிளேட் எதுவானாலும் ஆபரேஷன் சமயத்தில் கொடுத்த அட்டையைக் கொண்டு வாருங்கள். லேத், வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தவர்கள் எப்போதாவது கண்ணில் இரும்புத் தூள் விழுந்ததா என்று யோசித்துச் சொல்லுங்கள். “அது இருபது வருஷம் ஆச்சு” என்று விட்டுவிடக் கூடாது. துகள் உள்ளேயே தங்கியிருந்தால் காந்தத்தில் நகர்ந்து பார்வையையே கெடுத்துவிடலாம். முதலில் கண்ணுக்கு ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே அனுப்புவோம்.

மார்பகத்தை எக்ஸ்ரே எடுக்கும் மேமோகிராமுக்கு வரும்போது அக்குளிலும் மார்பிலும் பவுடர், சென்ட் போடாதீர்கள். பவுடர் துகள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளி போலத் தெரியும், டாக்டர் தேடுவதும் அதே மாதிரிப் புள்ளிகளைத்தான். சர்க்கரையோடு சேர்த்த கதிரியக்க மருந்தை ஊசியில் செலுத்தி எடுக்கும் பெட் ஸ்கேன் என்றால் முந்தின நாள் ஜிம், ஓட்டம், பாரம் தூக்குவது எல்லாம் வேண்டாம். வேலை செய்த தசை அந்த மருந்தை இழுத்துக்கொள்ளும். நேரத்துக்கும் வந்துவிட வேண்டும். அந்த மருந்தின் கதிரியக்கம் 110 நிமிஷத்துக்கு ஒரு தடவை பாதியாகக் குறைந்துகொண்டே போகும், உங்களுக்காக எடுத்து வைக்க முடியாது. கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டு, நாள் தள்ளிப்போயிருக்கிறது என்றால் எக்ஸ்ரே, சி.டி., பெட் எதுவானாலும் உள்ளே போகும் முன்பே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், பழைய படங்கள். “அது நார்மல்னு சொல்லிட்டாங்க, தூக்கிப் போட்டுட்டேன்” என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். ஒரு பெரியவர் மஞ்சப் பையில் தன் படம் எல்லாவற்றையும் வருஷ வாரியாக அடுக்கி வைத்திருந்தார். அவருடைய நுரையீரலில் சின்னதாக ஒரு புள்ளி தெரிந்து, ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்கலாமா என்ற பேச்சு வந்துவிட்டது. பையிலிருந்த மூன்று வருஷத்துக்கு முந்தைய சி.டி.யை விளக்குப் பலகையில் மாட்டினோம். அதே இடம், அதே புள்ளி, அதே அளவு. ஊசி வேண்டாம் என்று டாக்டர் சொன்னதும், அவர் படங்களை மறுபடி வருஷ வாரியாக அடுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.