சிட்னி துறைமுகக் கரையில் நடக்கப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிட்னிக்குப் போகிற பெரும்பாலானவர்கள் சர்குலர் கீயில் ரயிலை விட்டு இறங்கி, ஓபரா ஹவுஸ் வரை நடந்து, நாலு படம் எடுத்துக்கொண்டு, "துறைமுகம் பார்த்தாச்சு" என்று திரும்பிவிடுகிறார்கள். முதல் தவறே அதுதான். அங்கே நீங்கள் பார்ப்பது வீட்டின் வரவேற்பறை மட்டும். கம்பளி மூட்டைகளை ஏற்றி இறக்கிய பழைய வார்ஃப்கள் (கப்பல் துறைகள்) ஹார்பர் பிரிட்ஜுக்கு மேற்குப் பக்கம், வால்ஷ் பேயில் இருக்கின்றன, கொஞ்ச தூரம் நடந்தால் போதும்.

சரி, வால்ஷ் பே வரை போகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? ஹிக்சன் ரோட்டின் நடைபாதையிலேயே விறுவிறுவென்று நடந்து கடந்துவிடுகிறார்கள். அங்கே ஒரு நிமிஷம் நின்று தலையைத் தூக்கிப் பாருங்கள். வார்ஃப் கட்டடங்களின் மேல்தளத்திலிருந்து சாலைக்கு மேலாகப் பாலங்கள் போகும். 1900இல் இந்த ஊரில் பிளேக் வந்து 103 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அரசு தனியார் கையிலிருந்த பாழடைந்த துறைகளை எடுத்துக்கொண்டது, 1901இல் துறைமுக டிரஸ்ட் ஒன்றை அமைத்து எல்லாவற்றையும் புதிதாகக் கட்ட ஆரம்பித்தது. பிளேக்கைப் பரப்பும் எலிகள் வளை தோண்ட முடியாதபடி கரைச்சுவர் எழுப்பினார்கள், குன்றைக் குடைந்து ஹிக்சன் ரோட்டைப் போட்டார்கள். கரையை ஒட்டியே குன்று செங்குத்தாக ஏறுவதால் வார்ஃபின் கீழ்தளத்துக்குச் சாலையிலிருந்தும் மேல்தளத்துக்குப் பாலம் வழியாகவும் சரக்கு போய்வந்தது. இப்போது அதே கட்டடங்களில் நாடக அரங்குகள், நடனக் குழுக்கள். பக்கவாட்டில் இறங்கி, தண்ணீருக்குள் நீளும் பியரின் நுனி வரை போய்விட்டு வாருங்கள், காசு எதுவும் கிடையாது.

அங்கிருந்து தெற்கே போகும் ஹிக்சன் ரோட்டுக்கு 'ஹங்ரி மைல்' என்று பெயர் வந்தது 1930களின் பொருளாதார மந்த காலத்தில். வேலை கிடைக்குமா என்று வார்ஃப் வார்ஃபாக ஆட்கள் கேட்டுக்கொண்டே நடந்த பாதை. இன்று அதே பாதையில் பராங்கரூவின் கண்ணாடிக் கோபுரங்கள் நிற்கின்றன. பக்கத்தில் உள்ள பராங்கரூ ரிசர்வ் பூங்காவைப் பார்த்து இயற்கையான பாறைக்கரை என்று நினைத்துவிடாதீர்கள், கன்டெய்னர் இறக்க சமதளமாக்கி வைத்திருந்த இடத்தில் சுமார் 10,000 மணற்கற்களை அடுக்கி 2015இல் திறந்தது அது. அலை தொடுகிற கற்களில் பாசி படிந்திருக்கும். செல்ஃபிக்காகச் செருப்புக் காலோடு அதில் இறங்குவது வேண்டாத வேலை.

அடுத்தது, வரைபடத்தைப் பார்த்து "கரையோரமாகவே போய்விடலாம்" என்று கணக்குப் போடுவது. சிட்னியில் இது நடக்காது. ஓபரா ஹவுஸுக்குக் கிழக்கே உள்ள வுலுமுலூவுக்கு வருகிறீர்கள், சுமார் 400 மீட்டர் நீளத்துக்கு மரத்தூண்கள் மேல் நிற்கும் ஃபிங்கர் வார்ஃபைப் பார்க்கிறீர்கள் (இடிக்கப் பார்த்ததை மக்கள் போராடித் தடுத்தார்கள், இப்போது ஹோட்டலும் குடியிருப்பும்), அப்புறம் கிழக்கே கரையைப் பிடித்தே போகலாம் என்று பார்த்தால் கார்டன் ஐலண்ட் கடற்படைத் தளத்தின் வேலி நிற்கும். மெக்கெல்ஹோன் படிக்கட்டில் 113 படி ஏறி பாட்ஸ் பாயிண்ட் வழியாகத்தான் சுற்ற வேண்டும். தள்ளுவண்டியில் குழந்தையோ, முட்டிவலியுள்ள அம்மாவோ கூட வந்தால் இதை முன்கூட்டியே யோசித்துவிடுங்கள்.

வுலுமுலூவுக்கும் ஓபரா ஹவுஸுக்கும் நடுவே உள்ள பொட்டானிக் கார்டனின் கதவு நேரமும் பலரை மாட்டிவிடும். மாதத்துக்கு மாதம் மாறும், குளிர்காலத்தில் மாலை 5 மணிக்கே பூட்டிவிடுவார்கள். அந்த ஊரில் ஜூன், ஜூலைதான் குளிர்காலம் என்பதை மறந்துவிட்டு, சாயங்காலம் கார்டனை ஒட்டிய ஃபார்ம் கோவ் குடாவின் கரையோரமாக ஓபரா ஹவுஸுக்குத் திரும்பலாம் என்று வந்தால் வெளியே சாலை வழியாகச் சுற்ற வேண்டியதுதான். மிசஸ் மக்குவாரிஸ் சேர் முனையிலிருந்து ஓபரா ஹவுஸையும் பாலத்தையும் படமெடுக்க ஆசையா? காலையில் போங்கள், வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும். மாலையில் சூரியன் எதிரே இறங்குவதால் நிழலுருவம்தான் கிடைக்கும். அது பிடிக்கும் என்றால் வேறு கதை.

ஹார்பர் பிரிட்ஜில் நடப்பவர்களுக்குக் கிழக்குப் பக்கம், சைக்கிளுக்கு மேற்குப் பக்கம், மாற்றி ஏறாதீர்கள். அதே பாலத்தில் திரும்பியும் நடப்பது என்னைக் கேட்டால் வீண். வடகரையில் மில்சன்ஸ் பாயிண்டில் இறங்கி, லூனா பார்க் கேளிக்கைப் பூங்காவின் வாசலைப் பார்த்துவிட்டு ஃபெர்ரி பிடியுங்கள், பாலத்துக்கு அடியில் போய் சர்குலர் கீயில் இறங்கலாம். ஃபெர்ரியில் ஏறும்போது கட்டணத்துக்காக எந்த கார்டையோ போனையோ தட்டினீர்களோ, இறங்கும்போதும் அதையேதான் தட்ட வேண்டும். கார்டை ஒரு தடவை, போனை ஒரு தடவை என்று தட்டினால் இரண்டும் முடியாத பயணங்களாகக் கணக்காகி கூடுதல் காசு போகும்.

வெயிலைப் பற்றியும் ஒன்று. "நாம் பார்க்காத வெயிலா" என்று தொப்பி, சன்ஸ்கிரீன் இல்லாமல் கிளம்பாதீர்கள். காற்று குளிர்ச்சியாக இருப்பதால் சுடுவது தெரியாது, ஆனால் அங்கே புறஊதாக் கதிர் கடுமை, கருத்த தோலும் தப்பாது. கோடையில் தெற்கிலிருந்து திடீரென்று காற்று திரும்பினால் கொஞ்ச நேரத்திலேயே 10 டிகிரி கூட இறங்கிவிடும், அதனால் பையில் ஒரு மெல்லிய ஜாக்கெட் கிடக்கட்டும். தண்ணீர் பாட்டிலுக்குக் காசு கொடுக்க வேண்டாம், குழாய்த் தண்ணீரையே தாராளமாகப் பிடித்துக் குடிக்கலாம்.